ஆறடி மீன்தொட்டிக்குக் குழாய் போடும் முன்: கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாமல் இருக்க

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கோலாலம்பூர் கொண்டோக்களில் அரோவானா வளர்ப்பவர்களும் கடல்மீன் வளர்ப்பவர்களும் பெரும்பாலும் வந்து நிற்கும் அளவு இது. கொள்ளளவு 680 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் 34 வாளி. அதன் கீழே அலமாரிக்குள் 4 அடிக்கு ஒன்றரை அடி சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி, வடிகட்டி, பம்ப் வழியே திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டி) ஒன்று, மேலும் கீழும் ஓடும் குழாய்கள், ஒரு பம்ப். இந்தக் கட்டுரை முழுக்க இதே அளவை வைத்துத்தான் கணக்குப் போடப்போகிறோம். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது.

கண்ணாடி வெடித்து வீடு வெள்ளக்காடாவதைத்தான் புதியவர்கள் நினைத்துப் பயப்படுவார்கள். அது நடப்பது அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு: சாயங்காலம் இடி இடிக்கும், மெயின் சுவிட்ச் விழும், பம்ப் நிற்கும், மேல் தொட்டித் தண்ணீர் சத்தமில்லாமல் சம்ப்புக்கு இறங்கும், சம்ப் நிரம்பி வழியும். எந்தப் பொருளும் பழுதாகவில்லை, எந்த மூட்டும் ஒழுகவில்லை, ஆனாலும் தரை முழுக்கத் தண்ணீர். இதைத் தடுக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் போதும். அதனால்தான் சென்சார், தானியங்கி வால்வ் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

இடம்

தண்ணீர், 12 மி.மீ. கண்ணாடி, சம்ப், அலமாரி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் மொத்த எடை ஒரு டன்னைத் தொடும். அது உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அது அறை முழுக்கப் பரவும் சுமைக்கான கணக்கு என்பதால் ஒரு டன் வைத்த உடனே தளம் இடிந்துவிடாது. ஆனால் ஹாலின் நடுவில் வைப்பதும், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதும் ஒன்றல்ல. மாடி வீடாக இருந்தால் கட்டட வரைபடத்தோடு ஓர் இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். தெரஸ் வீட்டின் தரைத்தளத்தில் வைப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கொண்டோக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. குளியலறை, பால்கனி போன்ற ஈர இடங்களுக்குத்தான் தரைக்கடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கும், ஹாலுக்கு இருக்காது. ஹாலில் கொட்டிய தண்ணீர் டைல் இடுக்கு வழியே இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டமாகத் தெரிய சில நாள் எடுக்கும். 2013ஆம் ஆண்டின் ஸ்திராத்தா (அடுக்குமாடி உரிமை) நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிமுறைகள் மாடிக்கு மாடி ஒழுகலைத் தனியாகவே சொல்கின்றன: கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், மாறாக நிரூபிக்கப்படும்வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். மேல்வீட்டுக்காரர் நீங்கள். ஆகவே குளியலறைச் சுவரை ஒட்டிய இடம் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றவும் சுலபம், சம்ப்புக்கு அடியில் வைக்கும் தட்டிலிருந்து தரை வடிகாலுக்கு ஒரு குழாயும் விடலாம்.

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் போதும். பால்கனியில் வைப்பதென்றால் அதன் தரை வேண்டுமென்றே சரிவாகப் போடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். சரிவை அலமாரியின் கால்களில்தான் சரிசெய்ய வேண்டும். கண்ணாடிக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் அட்டை சொருகினால், தூக்கலாக நிற்கும் அந்த மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

கணக்கு

முதல் எண்: உங்கள் மேல் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் எத்தனை லிட்டர்? 183 × 61 செ.மீ. என்றால் 11 லிட்டர். சம்ப்பில், 122 × 46 செ.மீ.க்கு, 5.6 லிட்டர். இந்த இரண்டையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்துதான்.

பம்ப் நின்றால் என்ன ஆகும்? மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும். பம்ப் நின்ற கணமே அதே குழாய் எதிர்த்திசையில் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும், வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 56 லிட்டர் கீழே வரும். 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 220 லிட்டர். மொத்தமே 258 லிட்டர் பிடிக்கும் சம்ப்பில் ஏற்கெனவே பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது இதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அழகுக்காகக் குழாய் வாயை ஆழத்தில் ஒளித்து வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வாய் 5 செ.மீ. ஆழம் என்றே வைத்துக்கொள்வோம். 56 லிட்டரோடு குழாய்களிலும் வெயிர் பெட்டியிலும் (மேல் தொட்டித் தண்ணீர் பற்கள் வழியே வழிந்து இறங்கும் குழாய்களுக்குப் போகும் பெட்டி) தங்கும் 10 லிட்டரைக் கூட்டினால் 66, சம்ப்பில் 12 செ.மீ. உயர்வு. தானியங்கி நீர் நிரப்பி (ஆவியாகிக் குறையும் தண்ணீரை வாளியிலிருந்து தானே ஈடுசெய்யும் கருவி) வைத்திருந்தால், அது சிக்கிக்கொண்டு அதன் வாளித் தண்ணீர் முழுதும் உள்ளே வந்துவிடலாம். 25 லிட்டர் வாளிக்கு இன்னொரு நாலரை செ.மீ. மொத்தம் 16.5 செ.மீ. சம்ப் உயரம் 46, விளிம்பில் 4 செ.மீ. விட்டுவிடுவோம். மிச்சம் 25.5. ஆக, பம்ப் ஓடும்போது சம்ப்பின் எந்த அறையிலும் நீர்மட்டம் 25 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அந்த உயரத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள். உள்ளே பெரிய ஸ்கிம்மரோ (கடல்நீர் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) வடிகட்டிப் பெட்டிகளோ நீர்மட்டத்துக்கு மேல் எழுந்து நின்றால், அவை அடைக்கும் இடத்துக்குத் தக்கபடி கோட்டை இன்னும் இறக்க வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கம். இறங்கும் குழாய்கள் எல்லாமே அடைத்துக்கொண்டு பம்ப் மட்டும் ஓடினால்? பம்ப் அறையில் உள்ள தண்ணீர் முழுதும் மேலே போகும். அந்த அறை 30 செ.மீ. நீளம் என்றால் ஏறக்குறைய 34 லிட்டர், மேல் தொட்டியில் 3 செ.மீ. உயர்வு. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: பம்ப் அறை காலியாவதைப் பார்த்த தானியங்கி நிரப்பி, ‘தண்ணீர் குறைகிறது’ என்று நினைத்துத் தன் 25 லிட்டரையும் ஊற்றும். அதுவும் மேலே போகும், இன்னொரு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆகவே மேல் தொட்டியில் ஓடும் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 6 செ.மீ. இடைவெளி வேண்டும். தொட்டி செய்யக் கொடுக்கும்போதே வெயிர் பற்களின் உயரத்தை இதற்கேற்பச் சொல்லிவிடுங்கள். செய்து முடித்த பிறகு மாற்ற முடியாது.

இந்த இரண்டு கணக்கும் ஒத்துவந்தால், மின்சாரம் போனாலும் சரி, நத்தை குழாயை அடைத்தாலும் சரி, ஒரு சொட்டுகூடத் தரைக்கு வராது. ஒத்துவரவில்லை என்றால் எந்த விலையுயர்ந்த சென்சாரும் உங்களைக் காப்பாற்றாது.

ஹார்டுவேர் கடையில் ஏமாறும் இடம்

துளையிடுவதைத் தொட்டி செய்பவரிடமே விட்டுவிடுவது நல்லது. நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. எந்தப் பலகையாவது டெம்பர்டு (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடியா என்று கேளுங்கள், அதில் துளை போட்டால் சுக்குநூறாகும். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் இடையே குறைந்தது ஒரு துளை விட்டம் இடைவெளி இருக்கட்டும். டேங்க் கனெக்டரை (கண்ணாடித் துளையில் குழாயை மாட்டும் இணைப்பு) முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்து துளை போடச் சொல்லுங்கள். ‘ஒன்றரை இஞ்சிக்குப் போடுங்கள்’ என்று வாயால் மட்டும் சொன்னால் அவர் ஓர் அளவை நினைப்பார், உங்கள் கனெக்டர் வேறு அளவில் வந்து நிற்கும்.

அளவு என்று வந்தாலே மலேசியாவில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஹார்டுவேர் கடை பி.வி.சி. பைப் பழைய பிரிட்டிஷ் இஞ்சி அளவு. 1 இஞ்சி பைப்பின் மேல் 25 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும், ஆனால் அளந்தால் வெளிவிட்டம் சுமார் 33.5 மி.மீ. ஒன்றரை இஞ்சி பைப்பில் 40 என்று இருக்கும், வெளிவிட்டம் சுமார் 48. மீன்கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் சீனத் தயாரிப்பு டேங்க் கனெக்டர், வால்வ், யூனியன் (கையால் திருகிக் கழற்றக்கூடிய மூட்டு) எல்லாம் மெட்ரிக். அங்கே 25 என்றால் வெளிவிட்டமே 25, 32 என்றால் 32, 50 என்றால் 50. ‘25’ என்ற ஒரே எண் இரண்டு கடையில் இரண்டு பொருள்.

1 இஞ்சியில் ஆபத்தில்லை, பைப் 32 கனெக்டருக்குள் நுழையவே நுழையாது, தவறு உடனே தெரிந்துவிடும். ஒன்றரை இஞ்சியில்தான் வம்பு. 48 பைப் 50 கனெக்டருக்குள் போய்விடும், கொஞ்சம் லொடலொடவென்று. ‘பசையை அதிகமாகத் தடவினால் பிடித்துக்கொள்ளும்’ என்று தோன்றும். பி.வி.சி. பசை இடைவெளியை நிரப்பும் பொருள் அல்ல. பைப்பின் மேற்பரப்பையும் கனெக்டரின் உட்பரப்பையும் கரைத்து ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. இரண்டும் இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். இடைவெளியில் தேங்கிய பசை காய்ந்து சுருங்கி, சில மாதம் கழித்து ஒழுகும். அதுவும் அலமாரிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில்.

எனவே ஒரே குடும்பத்திலிருந்து வாங்குங்கள்: முழுக்க ஹார்டுவேர் கடை இஞ்சி, அல்லது முழுக்க மெட்ரிக். எங்கள் பரிந்துரை இஞ்சிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்போ ஒன்று உடைந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஓடிப்போய் வாங்கலாம். மெட்ரிக் என்றால் பார்சல் வரும்வரை மீன் காத்திருக்க வேண்டும். பைப்பில் கிளாஸ் டி அல்லது இ (தடித்த, அழுத்தம் தாங்கும் தரம்) கேளுங்கள், கழிவுநீருக்கான மெல்லிய பைப் வேண்டாம். கடைக்குப் போகும்போது ஒரு சாண் துண்டு பைப்பைக் கையோடு எடுத்துப்போய், வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் சொருகிப் பாருங்கள். பசையில்லாமல் சொருகினால் பாதி ஆழம் வரை போய் இறுக வேண்டும். அடிவரை வழுக்கிப் போனால் அது தவறான சாமான்.

திருகு மரை இருக்கும் சாமானில் இன்னொரு கலப்படம் உண்டு. இங்கே புழங்குவது பிரிட்டிஷ் மரை. அமெரிக்கத் தயாரிப்பு பம்ப்போ கனெக்டரோ வாங்கினால் மரை வேறு. இரண்டு சுற்று போய்ச் சிக்கும், பலம் கொடுத்துத் திருகினால் வெடிக்கும். வெள்ளை டேப் நாலைந்து சுற்று, மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகாரத் திசையில். உலோக ஆண் மரையை பி.வி.சி. பெண் மரைக்குள் திருகாதீர்கள். அன்றைக்கு நன்றாக இருக்கும், பின்னால் ஒருநாள் பிளக்கும்.

டேங்க் கனெக்டர் மாட்டும்போது ரப்பர் வாஷர் அகன்ற தட்டுப் பக்கம், அதாவது தொட்டிக்குள் தண்ணீர் படும் பக்கம். நட்டுப் பக்கம் வைத்தால் இறுக்கும்போது ரப்பர் முறுகி நழுவும். கையால் இறுகும்வரை திருகி, அப்புறம் கால் சுற்று. அவ்வளவுதான். ரப்பரில் சிலிக்கான் தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது தேவையில்லை. வழுக்கி நழுவவும் செய்யும், பிறகு கழற்றவும் விடாது.

இறங்கும் குழாய் மூன்று

ஒரே குழாய் வைத்தால் சலசலவென்று சத்தம், ஓர் இலை அடைத்தால் வெள்ளம். மூன்று வையுங்கள், மூன்றும் ஒன்றரை இஞ்சி.

முதலாவது முழுக் குழாய். காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து ஓடுவது, சத்தமே வராது. இதன் கீழ்முனையில் கேட் வால்வ் ஒன்று வேண்டும். பால் வால்வ் மலிவு, ஆனால் அதில் கைப்பிடியை ஒரு மயிரிழை நகர்த்தினாலே ஓட்டம் எகிறும், நுணுக்கமாக வைக்க முடியாது. குழாயின் வாய் சம்ப் தண்ணீரில் 2, 3 செ.மீ. மூழ்கினால் போதும். ஆழமாக இருந்தால் மின்சாரம் திரும்பி வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற முடியாமல் ஓட்டம் பிடிக்காது.

இரண்டாவது திறந்த குழாய். அதன் வாய் முதல் குழாயைவிட உயரம், தலையில் காற்றுக்கு ஒரு சிறு துளை. முதலாவது சமாளித்தது போக மிஞ்சும் தண்ணீர் மட்டும் இதில் மெல்லிய கோடாக இறங்கும். பக்கவாட்டில் கசிவதுபோல் கொஞ்சமாக ஓடும்படி கேட் வால்வை அமைத்துவிட்டால் நீர்மட்டம் தானே நிலைப்படும்.

மூன்றாவது அவசரக் குழாய், எல்லாவற்றையும்விட உயரத்தில். சாதாரண நாளில் இது காய்ந்தே கிடக்க வேண்டும். அதன் கீழ்முனையைச் சம்ப் தண்ணீருக்கு 5 செ.மீ. மேலே நிறுத்திவிடுங்கள். அதில் தண்ணீர் வந்தால் அருவிபோல் சத்தம் போடும், தூக்கத்திலும் காதில் விழும். பேட்டரி தேவைப்படாத அலாரம்.

மூன்றிலும் படுக்கைவாட்டில் ஓட்டம் வேண்டாம், தொண்ணூறு டிகிரி எல்போ வேண்டாம். திருப்பம் தேவையென்றால் 45 டிகிரி இரண்டு. எல்லா வாயிலும் வலைமூடி. சிறு மீனும் இலையும் போகாத அளவுக்கு, ஆனால் வாரம் ஒருமுறை கழுவும்படி கழற்றக்கூடியதாக.

ஓட்டம் எவ்வளவு? மொத்தக் கொள்ளளவில் மணிக்கு நாலைந்து மடங்கு போதும், இந்தத் தொட்டிக்கு மணிக்குச் சுமார் 3,000 லிட்டர். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் எண் உயரமே ஏற்றாத நிலையில் எடுத்தது. 6,000 என்று எழுதிய பம்ப் ஒன்றரை மீட்டர் ஏறி, எல்போக்களைத் தாண்டி மேலே கொண்டுவருவது 3,500 இருந்தால் நல்லது. ‘பெரிசா இருக்கட்டும்’ என்று 12,000 வாங்கினால் அத்தனை தண்ணீரையும் இறக்கும் குழாய்கள் கீழே வேண்டும்.

ஒட்டுவது

முதலில் பசையில்லாமல் முழுதையும் மாட்டிப் பாருங்கள். சொருகிய ஆழத்தையும் திசையையும் பென்சிலால் ஒவ்வொரு மூட்டிலும் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரித்து:

1. வெட்டு முனை நேராக இருக்க வேண்டும். உள்ளும் வெளியும் பிசிறைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். பிசிறு பசையை வழித்துத் தள்ளிவிடும்.
2. ஒட்டும் பரப்பு இரண்டையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பளபளப்பு போனதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் கை வியர்வையே போதும் மூட்டைக் கெடுக்க.
3. பைப் மேலும் சாக்கெட் உள்ளேயும் பசை, சீராக, மெல்லியதாக.
4. கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, பென்சில் கோடு நேரானதும் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சீக்கிரம் விட்டால் பைப் தானே பின்னுக்கு வரும்.
5. 24 மணி நேரம் தண்ணீர் விடக்கூடாது. அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பசையின் ஆவி உங்களுக்கும் ஆகாது, பக்கத்துத் தொட்டி மீனுக்கும் ஆகாது.

கழற்ற வேண்டிய ஒவ்வொரு பொருளின் இருபுறமும் யூனியன் வையுங்கள்: பம்ப், கேட் வால்வ், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி). யூனியனுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாஸலின் தடவினால் சிலவகை ரப்பர் ஊறி உப்பிவிடும். யூனியனைக் கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பானர் போட்டும் ஒழுகுகிறது என்றால் வளையம் மடங்கியிருக்கிறது அல்லது இரண்டு பைப்பும் நேர்கோட்டில் இல்லை.

பம்ப்பை நேரடியாக பி.வி.சி.யில் மாட்டாமல் இடையில் ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ் வையுங்கள், அதிர்வு குழாய் மூட்டுகளுக்குப் போகாது. ஒவ்வொரு முனைக்கும் கிளிப் இரண்டு, திருகுகள் எதிரெதிர்த் திசையில். கடல்நீர் என்றால் 316 தர ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் கிளிப், மற்றவை துருப்பிடித்து அறும்.

மேலே போகும் குழாயில் செக் வால்வ் (ஒரே திசையில் மட்டும் தண்ணீர் விடும் வால்வ்) ஒன்று மாட்டிவிட்டால் பின்னிழுப்புக் கவலை தீர்ந்தது என்பார்கள். ஒரு மணல் துகள், ஒரு குட்டி நத்தை, கொஞ்சம் பாசி போதும், அது முழுதாக மூடாது. மாட்டுவதில் தப்பில்லை, ஆனால் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். குழாய் வாய்க்குச் சற்று மேலே, நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் அது காற்றை இழுத்து உறிஞ்சலை முறிக்கும். அதையும் வாராவாரம் பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்திவிட வேண்டும். பாசி அடைத்த துளை இருந்தும் இல்லாததுபோல்தான்.

மின்சாரம்

நம் பழைய வீடுகள் பலவற்றில் இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும், கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் 100 மில்லிஆம்பியர் அளவு. அது தீயைத் தடுக்கப் போதும், தண்ணீருக்குள் கைவிட்ட ஆளைக் காக்கப் போதாது. தொட்டிக்கான பிளக்குகளுக்கு அதே வேலையைச் செய்யும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். பதிவுபெற்ற வயர்மேனை அழைத்துப் போடச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

முடிந்தால் இரண்டு தனி சர்க்கியூட்: ஒன்றில் பம்ப், மற்றதில் காற்று மோட்டாரும் விளக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி விழும் மாலைகளில் ஆர்.சி.சி.பி. தானாக விழுவது சாதாரணம். வீட்டில் ஆளில்லாத நேரம் எல்லாம் ஒரே சர்க்கியூட்டில் நின்றால் மீன் மூச்சுத் திணறும். மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்று மோட்டார் ஒன்று இருந்தால் நிம்மதி.

எக்ஸ்டென்ஷனைச் சம்ப்புக்குப் பக்கத்தில் தரையில் போடாதீர்கள். அலமாரிக்கு வெளியே, பக்கச் சுவரில், சம்ப் விளிம்பைவிட உயரத்தில். ஒவ்வொரு வயரும் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வயரில் வழியும் சொட்டு அந்தத் தொங்கலில் விழும், பிளக்குக்குள் போகாது. 100 வாட்டுக்குக் குறைந்த பம்ப்பின் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் எதற்கு? 3 ஆம்பியர் போடுங்கள்.

மீன் விடும் முன்

கால் பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், பாதி நிரப்பி இரவு முழுக்க, முழுதாக நிரப்பி இரண்டு நாள். ஒவ்வொரு மூட்டையும் துடைத்துச் சமையலறை டிஷ்யூ ஒரு துண்டு சுற்றிவிடுங்கள். விரலுக்குத் தெரியாத கசிவும் டிஷ்யூவில் கறுப்பாகத் தெரியும்.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பம்ப்பை நிறுத்தி சம்ப் எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, அந்த இடத்தில் இரண்டாவது கோடு போடுங்கள். கேட் வால்வை முழுதாக மூடி, திறந்த குழாயும் அவசரக் குழாயும் சமாளிக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றையும் அடைத்து, மேல் தொட்டி எங்கே போய் நிற்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கடைசியாகப் பம்ப்பை அணைத்து அணைத்துப் போட்டு, பத்துமுறையும் முழுக் குழாய் தானே ஓட்டம் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது முறை பிடித்து ஒருமுறை தவறினால், அந்த ஒருமுறை நீங்கள் தீபாவளிக்கு ஈப்போவில் இருக்கும் நாளாக அமையும்.

சில்லர் வைத்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஏர்கான் இல்லாத அறையில் 24 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய் வியர்க்கும், பார்த்தால் ஒழுகல் மாதிரியே இருக்கும். கீழே சொட்டியதைச் சுத்தமான மூடியில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) வையுங்கள். வியர்வை என்றால் எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தொட்டித் தண்ணீரின் எண்ணே வந்தால் ஒழுகல். கடல்நீரில் இது இன்னும் எளிது, ஒழுகிய இடத்தில் உப்புப் பூக்கும். வியர்வைக்கு மருந்து ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறை.

தட்டும் சென்சாரும்

சம்ப்புக்கு அடியில் 5 செ.மீ. விளிம்புள்ள தட்டு. 130 × 55 செ.மீ. தட்டு 35 லிட்டர் பிடிக்கும். சிறு கசிவுக்கு அது போதும், பெரிய கசிவில் துணி எடுத்துவர நேரம் கிடைக்கும். தட்டின் ஓரத்தில் டேங்க் கனெக்டர் வைத்துக் குளியலறை வடிகாலுக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது.

சென்சார் இரண்டு வேண்டும். ஒன்று தட்டுக்குள். மற்றது தட்டுக்கு வெளியே, தரையின் மிகத் தாழ்ந்த இடத்தில். அந்த இடம் எதுவென்று கண்ணால் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றி எங்கே ஓடிப்போய் நிற்கிறது என்று பாருங்கள். வைஃபை சென்சார் போனுக்குச் செய்தி அனுப்பும், ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். ஆகவே குறைந்தது ஒன்றாவது தன் பேட்டரியில் தானே கத்தும் வகையாக இருக்கட்டும்.

தானியங்கி நிரப்பியை வீட்டுக் குழாய்த் தண்ணீரோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம். சிக்கிக்கொண்டால் முடிவில்லாத தண்ணீர், அதுவும் குளோரினோடு. வாளி ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கட்டும், வாளி 25 லிட்டரைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் வெட்டு முடிந்து விநியோகம் திரும்பும்போது முதலில் பழுப்பாக வரும் தண்ணீரைத் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே பிடித்து வையுங்கள். பினாங்கில் 2024 ஜனவரியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது பட்டவர்களுக்குத் தெரியும், மூடிய பீப்பாயில் குளோரின் நீக்கிய தண்ணீர் 100 லிட்டர் எப்போதும் இருப்பது ஆடம்பரம் அல்ல.

ஒழுகிவிட்டால்

அலமாரிக்குள் ஒரு பெட்டி: ஒவ்வொரு யூனியன் அளவுக்கும் மூடி, தண்ணீருக்குள்ளும் ஒட்டும் எப்பாக்ஸி மாவு, வெள்ளை டேப், ஒரு டேங்க் கனெக்டர், வெட்டிய பைப் துண்டுகள், பசை. பசை டப்பாவை வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள், ஜெல்லியாகி இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஈரத் தரையில் கால் வைக்கும் முன் மெயின் பெட்டியில் தொட்டியின் சுவிட்ச்சை இறக்க வேண்டும். சம்ப்பைச் சுற்றிய பிளக்கை நனைந்த கையால் பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து.

தைப்பூசத்துக்கோ பெருநாளுக்கோ ஊருக்குப் போகும்போது சாவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்காக ஒரு தாள் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். சாவி பக்கத்துவீட்டு மலாய்க்காரரிடம் என்றால் மலாயிலும் எழுதுங்கள். நாலே வரி: மெயின் பெட்டியில் எந்த சுவிட்ச், அதில் பச்சை ஸ்டிக்கர். எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், அதில் சிவப்பு ஸ்டிக்கர். சம்ப்பில் இரண்டாவது கோட்டுக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் எத்தனை வாளி அள்ள வேண்டும், உங்கள் எண் என்ன. எழுதிய பிறகு அவரை ஒருமுறை வரவழைத்து, நீங்கள் வாய் திறக்காமல் நிற்க, அந்தத் தாளைப் பார்த்தே அவரை எல்லாவற்றையும் செய்ய விடுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.